மூடா ஆறும் பள்ளிவாசல் சாலையும்: ஜார்ஜ் டவுன் குடிநீரின் வரலாறு

1800ஆம் ஆண்டில் பினாங்கின் துணை ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் லீத், கெடா சுல்தானுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தீவுக்கு எதிரே பெருநிலத்தில், வடக்கே மூடா ஆற்று முகத்துவாரம் முதல் தெற்கே கிரியான் ஆற்று முகத்துவாரம் வரை நீண்ட கரையோரப் பட்டை அதன் வழியாகக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. தீவுக்கும் இந்நிலத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் கொடுப்பதாகக் கும்பினி ஒப்புக்கொண்டது. மறு ஆண்டில் அதே லீத், பறங்கிப்பேட்டையிலிருந்து வந்து சூலியர்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீனுக்குப் பள்ளிவாசல் கட்ட 18 ஏக்கர் நிலம் வழங்கினார். முதல் ஆவணத்திலிருந்து இன்றைய செபராங் பிறை பிறந்தது. இரண்டாவதிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், பின்னாளில் அதன் பெயரைத் தாங்கிய சாலையும் பிறந்தன.

இவ்விரண்டு ஆவணங்களுக்கும் உறவு உண்டு என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இன்று பினாங்கு மாநிலம் எடுத்துச் சுத்திகரிக்கும் நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்தே வருகிறது. பெருநிலத்தில் தூய்மையாக்கப்பட்ட அந்நீர் கடலுக்கடியில் பதித்த குழாய்கள் வழியே தீவை அடைகிறது. லீத் நில எல்லையாகக் கண்ட ஆறு, அவர் பள்ளிவாசலுக்கு இடம் கொடுத்த நகரத்தின் குடிநீராகிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் யாருக்கு எளிதாகக் கிடைத்தது, யாருக்கு அரிதாயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

சாலையின் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேயர் இதனைத் தம் தலைமையமைச்சர் வில்லியம் பிட்டின் பெயரால் பிட் தெரு என்று அழைத்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னரே பள்ளிவாசலின் பெயர் சாலைக்கு வந்தது. கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து கிளைத்ததாகக் கருதப்படும் 'கெலிங்' என்ற சொல், ஒரு காலத்தில் தென்னிந்தியரைக் குறித்த இயல்பான பெயராக இருந்து, பிறகு இழிவுக் குறிப்பு ஏறிய சொல்லாயிற்று. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய மதிப்போடு நிற்கிறது. சொற்களின் வரலாற்றில் இத்தகைய விதிவிலக்குகள் அரியன. தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லத் தக்கன.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், மகாமாரியம்மன் கோயில், பள்ளிவாசல் ஆகிய நான்கும் இச்சாலையை ஒட்டி அடுத்தடுத்து நிற்பதால் இதனை நல்லிணக்கச் சாலை என்று சுற்றுலாக் கையேடுகள் போற்றுகின்றன. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமாக ஏற்கப்பட்டபோதும் இது முன்வைக்கப்பட்டது. நான்கு வழிபாட்டிடங்கள் என்றால் நீர் தேவைப்படும் நான்கு இடங்கள் என்றும் பொருள். ஞானத்தீட்சைக்கும், திருமுழுக்காட்டுக்கும், நாளுக்கு ஐந்து வேளைத் தொழுகைக்கு முந்தைய ஒளுவுக்கும் நீர் வேண்டும். நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் பல உள்ளன. அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்ட நூல்கள் சிலவே.

தொடக்கத்தில் அது கிணற்றிலிருந்து வந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய முனை, கடலோர மணலும் சேறும் கலந்த தாழ்நிலம். அத்தகைய மண்ணில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய அடுக்காகத் தங்குவதே அதற்குக் காரணம். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பறங்கிப்பேட்டை போன்ற கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இந்த மண்ணின் குணம் புதியதன்று. அவர்கள் விட்டு வந்த ஊர்களிலும் இதே மணல், இதே மேலோட்டமான ஊற்று, இதே உவர்ப்பச்சம். மிகுதியாக இறைத்தால் மேலே உள்ள நன்னீர் தீர்ந்து கீழே உள்ள உப்புநீர் ஏறிவிடும். ஊர் சிறிதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு சரியாக இருக்கும். ஊர் பெருகினால் தவறிவிடும்.

ஜார்ஜ் டவுன் விரைவாகவே பெருகியது. 1794இல் லைட் எழுதிய அறிக்கை, சோழமண்டலக் கரையினரான சூலியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் குடியிருந்ததாகவும், அதற்கு மேலாக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வந்து, உழைத்துச் சிறிது பொருள் சேர்த்துத் திரும்பியதாகவும் கூறுகிறது. அவர் இறந்ததும் அதே ஆண்டில்தான். அவ்வறிக்கையில் நம் கவனத்துக்குரியது இரண்டாவது எண்ணிக்கை. குடியிருப்போருக்கு வீடு உண்டு. வீட்டுக்குக் கிணறு உண்டு. பருவக்காற்றோடு வந்து பருவக்காற்றோடு போகிறவருக்குக் கடையின் திண்ணையும் கிட்டங்கியின் மூலையுமே இருப்பிடம். அவர் குடித்த நீர் பிறர் கிணற்று நீர். பள்ளிவாசலும் கோயிலும் அவருக்கு வழிபாட்டிடமாக மட்டுமன்றி, கேட்காமலேயே நீர் முகந்துகொள்ளக்கூடிய இடமாகவும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நகரத்தின் பழைய கடைவீடுகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: முகப்பு குறுகியது, உள்நீளம் மிகுதி, நடுவே வெளிச்சமும் மழையும் இறங்கும் முற்றம். சில வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கிணற்றின் நடுவே எழும்பி நிற்கும். கிணற்றில் பாதி இந்த வீட்டுக்கு, பாதி அடுத்த வீட்டுக்கு. சொத்துரிமை மேலே சுவராகப் பிரிந்தாலும் கீழே நீர் பிரியவில்லை. ஒரு வீட்டார் கழிவை மண்ணில் விட்டால் இருவீட்டாரும் அதைக் குடித்தனர். கழிவுக்குழியும் கிணறும் சில முழத் தொலைவில் இருந்த நெருக்கமான தெருக்களில் கிணற்றுநீர் கெட்டது வியப்பன்று. 1854இல் இலண்டன் பிராடு தெருவில் மருத்துவர் ஜான் ஸ்னோ வாந்திபேதிக்கும் ஒரு தெருக்குழாய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும்வரை, தெளிவாக இருக்கும் நீர் நல்ல நீர் என்றே உலகம் முழுதும் நம்பப்பட்டது.

கும்பினி இதற்கு முன்பே இன்னொரு ஜார்ஜ் டவுனில் இதே சிக்கலைச் சந்தித்திருந்தது. சென்னையில் இன்று அப்பெயர் தாங்கும் பகுதி 1906 வரை கறுப்பர் நகரம் எனப்பட்டது. அதன் வடபுறத்தில் 1772ஆம் ஆண்டையொட்டி கேப்டன் பேக்கர் தோண்டுவித்த கிணறுகளே ஏழுகிணறு என்ற பெயரை அவ்வட்டாரத்துக்குத் தந்தவை. அங்கே இறைத்த நீர் முதன்மையாகச் சென்றது புனித ஜார்ஜ் கோட்டைக்கு. கிணறு இருந்த மண் மக்களின் மண். நீர் சென்றது கோட்டைப் படையினருக்கு. செங்குன்றம் ஏரியிலிருந்து சென்னை நகரத்துக்கு நீர் வர 1872 வரை, அதாவது நூறாண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. கும்பினிக்கு நீர் என்பது முதலில் படைக்கும் கப்பலுக்கும் வேண்டிய பண்டம், பிறகே குடிகளின் தேவை.

பினாங்கிலும் அந்த வரிசையே தொடர்ந்தது. சீனத்துக்குப் போகும் கப்பல்கள் இளைப்பாறி, நீரும் விறகும் ஏற்றிச் செல்லும் துறைமுகமாகவே இத்தீவு எண்ணப்பட்டது. லீத்துக்குப் பின் வந்த துணை ஆளுநர் ராபர்ட் ஃபர்க்குவாரின் காலத்தில், 1804ஐ ஒட்டி, மலையருவியின் நீரை நகருக்குக் கொண்டுவர ஒரு நீர்க்கால் கட்டப்பட்டது. பினாங்கின் பொதுக் குடிநீர் வரலாறு அங்கிருந்தே கணக்கிடப்படுகிறது. அருவிக்கும் துறைமுகத்துக்கும் இடையே 6, 7 கிலோமீட்டர் தொலைவு. திறந்த நீர்க்கால் வெயிலில் வற்றும்; இலை விழும்; மாடு இறங்கும்; வழியில் உள்ளவர் மடை திருப்புவர். நீர்க்காலின் முடிவில் இருந்த நகரத்து ஏழைகளுக்கு எஞ்சியதே கிடைத்திருக்கும். ஆயினும் அது ஒரு பெரிய மாற்றம்: நகரம் தன் காலடி நீரை விட்டுத் தொலைநீரை நம்பத் தொடங்கிய முதல் தருணம் அது.

நீர்க்கால் எட்டாத இடத்துக்கு வண்டி சென்றது. இன்றைய பர்மா சாலைக்கு ஹொக்கியன் மொழியில் 'ச்சியா ச்சுய் லோ' என்று பெயர். நீர்வண்டிச் சாலை என்று பொருள். அதன் பழைய மலாய்ப் பெயரும் நீர் இழுத்தலையே குறித்தது. சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் என்னும் வட்டாரப் பெயரும் நீர்வண்டிதான். அதன் சீனப் பெயர் மாட்டுவண்டி நீர் என்றே விரியும். மாநகராட்சி ஏடுகளில் பொறியாளர் பெயர் உண்டு. ஆளுநர் பெயர் நீர்த்தேக்கத்துக்கே சூட்டப்படும். மாட்டை ஓட்டியவன், குடத்தைத் தோளில் ஏற்றியவன் பெயர் எங்கும் இல்லை. அவர்களது உழைப்பின் சுவடு தெருப்பெயர்களில் மட்டுமே தங்கியிருக்கிறது. ஆகவேதான் தெருப்பெயர் மாற்றும்போது அவசரம் கூடாது என்கிறேன்.

மொழிப் பேரவை மேடை என்பதால் இங்கே சிறிது விலகிச் செல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன். மலாய்மொழியில் நீர்நிலைக்கு வழங்கும் 'கோலாம்' என்ற சொல் நம் 'குளம்' என்னும் சொல்லிலிருந்து சென்றது. கடை 'கெடாய்' ஆனதும் கப்பல் 'காப்பால்' ஆனதும் வணிகத்தின் வழியே. குளம் சென்றது குடியிருப்பின் வழியே என்று கொள்ளலாம். விற்பவன் சொல்லும் தோண்டுபவன் சொல்லும் ஒரே கப்பலில்தான் வந்திருக்க வேண்டும்.

சொற்களில் மிக அழகானது பினாங்குத் தமிழருக்கே உரிய 'தண்ணீர்மலை'. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் ஏறும் பாலதண்டாயுதபாணி கோயிலின் குன்றைத்தான் அப்படிச் சொல்கிறோம். அப்பெயரில் உள்ள தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று மாணவரைக் கேட்டால் பலர் தயங்குவர். அது ஜார்ஜ் டவுனுக்குக் குடிநீர் தந்த அருவியின் தண்ணீர். முருகனின் தொடக்கக் கோயில் இன்றுள்ள குன்றில் இல்லை. அருவியின் அருகே இருந்தது. அங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளரின் வழிபாட்டிடமாக அது தோன்றியது என்று கோயில் மரபு கூறும். 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் அங்கே தாவரவியல் தோட்டம் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அருவிநீரைத் தேக்கி நகருக்குக் குழாயில் அனுப்பும் பணி விரிவடைந்தது. குடிநீர் பிடிக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரள்வதை அதிகாரிகள் விரும்பவில்லை. கோயில் இடம்பெயர நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எழுந்த கோயிலே வளர்ந்து, 2012இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய பெருங்கோயிலாயிற்று.

இதைக் காலனிய ஆட்சியின் கொடுமை என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது எளிது. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். வாந்திபேதி ஆண்டுதோறும் அச்சுறுத்திய காலத்தில், நீர்ப்பிடிப்பு நிலத்தை ஆள்நடமாட்டமின்றிக் காப்பது பொதுநலன்தான். அந்த நீரைக் குடித்தவர்களில் நகரத்துத் தமிழரும் இருந்தனர். ஆனால் விலகிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1910இல் தாவரவியல் தோட்டத்தையே நீர்த்தேக்கமாக்கும் எண்ணத்தோடு அதை நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டுத் தோட்டம் அரசிடமே திரும்பியது. நீருக்காகக் கோயில் இடம்பெயர்ந்தது; பூந்தோட்டம் தப்பியது.

தைப்பூசப் பாதை நெடுகிலும் இன்றும் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கின்றன. ஒலிபெருக்கியும் அலங்கார விளக்குமாகச் சில பந்தல்கள் தம் முதல் வேலையை மறந்துவிட்டன என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறை முற்றிலும் தவறன்று. ஆயினும் அம்மரபின் வேர் ஆழமானது. சோழர்காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப்பந்தலுக்கும், அங்கே தண்ணீர் அட்டுவானுக்கும், அதாவது வார்ப்பவனுக்கும், நிலமும் நெல்லும் ஒதுக்கிய செய்திகள் வருகின்றன. கல்வெட்டு நீரை வார்ப்பவனின் கூலியையும் எழுதி வைத்தது. மாநகராட்சி ஏடுகள் செய்யாத வேலை அது.

ஆனால் நம் மரபை ஒருபக்கமாக மட்டும் போற்றுவதும் நேர்மையாகாது. தண்ணீர்ப்பந்தல் வைத்த அதே சமூகம், ஊர்க்கிணற்றில் யார் முகக்கலாம் யார் முகக்கக்கூடாது என்று சாதியால் வகுத்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாராட்டிரத்தின் மகாடு ஊரில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று கையால் அள்ளிப் பருகினார். சட்டமன்றத் தீர்மானம் அக்குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தும், அதைப் பயன்படுத்த ஒரு போராட்டம் தேவைப்பட்டது. உரிமை ஏட்டில் இருப்பதற்கும் குடத்தில் இருப்பதற்கும் உள்ள தொலைவு அது.

ஜார்ஜ் டவுனில் தேர்தல் முறை 1857இல் நகராட்சிக்கு வந்தது. ஆனால் வரி செலுத்துவோரே வாக்காளர். வீட்டுடையோரே வரி செலுத்துவோர். குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பதை அவர்களே முடிவு செய்தனர். சிங்கப்பூரில் அதே 1857இல் வணிகர் டான் கிம் செங், நகருக்கு நன்னீர் கொண்டுவர 13,000 டாலர் நன்கொடை தந்தார். பணம் இருந்தும் இருபதாண்டுகள் வேலை இழுத்தது. அவர் 1864இல் காலமானார். 1882இல் அவர் நினைவாக ஒரு நீரூற்றுச் சின்னம் மட்டும் அழகாக எழுந்தது. பினாங்கில் இரும்புக் குழாய்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவின. ஆயினும் வீட்டுக்குள் குழாய் என்பது வசதி படைத்தோரின் அடையாளமாகவே நெடுங்காலம் இருந்தது. துறைமுகக் கூலிகளுக்குத் தெருமுனைக் குழாயும் பழைய கிணறுமே.

நகரத்தை விட்டுக் கடல் கடந்து பெருநிலத்தைப் பார்த்தால் வேற்றுமை இன்னும் கூர்மையானது. லீத் பெற்ற அந்த நிலப்பட்டையில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் அங்கே கொண்டுவரப்பட்டனர். தாழ்நிலம், வாய்க்கால் நீர், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டு போயின. பிறகு ரப்பர் வந்தது. லயன் வீடுகளின் முன்னே பொதுக்குழாயோ கிணறோ இருந்தது. அந்த நீரின் தரத்துக்கு நிருவாகம் ஒன்றே பொறுப்பு. 1966இல் தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990இல் விரிந்த புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. இரண்டும் நீர் தருவதை முதலாளியின் கடமையாக்கின. எனினும் அருகிலுள்ள பட்டணத்தில் சுத்திகரித்த நீர் ஓடிக்கொண்டிருக்க, பல தோட்டங்கள் ஓடைநீரையும் கிணற்றுநீரையும் நம்பியே இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை காலம் கடத்தின. தோட்டம் தனியார் நிலம். அரசுக் குழாய் வேலிக்கு வெளியே நின்றுவிடும். இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவர்களின் தாத்தா பாட்டியரிடம் கேட்டால், குழாய்த் தண்ணீர் வந்த ஆண்டைச் சரியாகவே சொல்வார்கள். அதை எழுதி வைப்பது நல்ல வரலாற்றுப் பயிற்சி.

தீவின் ஓடைகள் போதாமற்போனதே அடுத்த கட்டத்தின் கதை. 1929இல் கில்மார்ட் நீர்த்தேக்கம் மவுண்ட் எர்ஸ்கின் குன்றில் முடிந்தது. 1962இல் ஆயர் ஈத்தாம் அணை கட்டப்பட்டது. மலாய்மொழியில் அப்பெயருக்குக் கரிய நீர் என்று பொருள். அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் துறை இருக்கிறது. டோபி காட் என்ற பெயர் அதைக் காக்கிறது. 1973இல் நகரத்தின் நீர்த்துறையும் மாநிலத்தின் பிற பகுதிகளின் நீர்ப்பணியும் ஒரே நீர் வாரியத்தின்கீழ் வந்தன. இதை நான் முக்கியமான ஆண்டாகக் கருதுகிறேன். தீவுக்கு ஒரு நீர், பெருநிலத்துக்கு ஒரு நீர் என்ற பழைய பிரிவு நிருவாகத்திலாவது அகன்றது அப்போதுதான். 1985இல் மெங்குவாங் அணையும் 1999இல் தெலுக் பஹாங் அணையும் சேர்ந்தன. அதே 1999இல் வாரியம் நிறுவன வடிவம் பெற்றது.

இன்று பினாங்கில் குழாய்நீர் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டுகிறது. உலக நிலையோடு வைத்துப் பார்த்தால் இது சிறிய செய்தியன்று. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பாகப் பேணப்படும் குடிநீர் இல்லை. வீட்டிலேயே நீர் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் அதைச் சுமந்து வருவது பெண்களும் சிறுமியருமே. 2010 சூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை நீரையும் துப்புரவையும் மனித உரிமையாக ஏற்றது. மகாடு குளக்கரையில் கண்ட தொலைவு உலக அளவில் அப்படியே இருக்கிறது.

மழை பெய்தால் நீர் உண்டு என்பதும் உண்மையில்லை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. இலண்டனைவிட இருமடங்குக்கும் மேல். அந்நகரம் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் 25 இலட்சம் லிட்டர் நீர் வரவழைத்தது. லாரி நீருக்குக் காசு கொடுக்க முடிந்தவர் வீட்டில் தொட்டி நிறைந்தது. முடியாதவர் வண்ணக் குடங்களோடு வரிசையில் நின்றனர். பினாங்கில் 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. ஆனால் செங்குத்தான மலையிலிருந்து ஓடை சிலமணி நேரத்தில் கடலை அடைந்துவிடும். தேக்கிவைக்க இடமில்லாத தீவு இது.

பினாங்கில் வீட்டுப் பயன்பாட்டு நீரின் விலை நெடுங்காலம் முதல் 20,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 22 காசாக, நாட்டிலேயே மிகக் குறைந்த அளவில் இருந்தது. ஏழைக்கு நீர் மறுக்கப்படவில்லை என்ற வகையில் இது பெருமைக்குரியது. ஆனால் நாட்டில் ஆளுக்கு மிகுதியான நீரைச் செலவிடும் மாநிலமும் பினாங்கே. நாளொன்றுக்கு 280 லிட்டர் அளவில். அடிப்படைத் தேவைக்கு 50 முதல் 100 லிட்டர் போதும் என்பது ஐ.நா. வகுத்த அளவு. மலிவான நீரால் மிகுதியாகப் பயன்பெற்றவர், தோட்டமும் பல குளியலறைகளும் உள்ள பெரிய வீட்டுக்காரர். மாதம் 35,000 லிட்டருக்கு மேல் செலவிடுவோர்க்கு 2010இல் நீர்ச் சேமிப்புக் கூடுதல் கட்டணம் விதித்தது சரியான திசையில் எடுத்த மிகச் சிறிய அடி.

2024 சனவரி 10ஆம் நாள் தொடங்கி நான்கு நாள்களுக்கு, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தின் பழுதுற்ற பெரிய அடைப்பிதழ்களை மாற்றுவதற்காக மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களிலும் நீர்த்தடை அறிவிக்கப்பட்டது. வாளியும் பீப்பாயும் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. கூரைமேல் பெருந்தொட்டி வைக்க இடமுள்ள வீட்டார் ஓரளவு சமாளித்தனர். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்து முதியோர் லாரி நீரைப் படியேறிச் சுமக்க வேண்டியவராயினர். ஒரே ஓர் ஆற்றையும் ஒரே ஒரு நிலையத்தையும் நம்புவதன் விலை என்ன என்பதை அந்த நான்கு நாள்கள் காட்டின.

அந்த ஆறோ கெடாவில் பிறக்கிறது. உலு மூடா காடுகள் 1,60,000 எக்டேருக்கு மேல் பரந்தவை. அங்கே பெய்யும் மழையே கெடாவின் குடிநீருக்கும், 95,000 எக்டேருக்கு மேற்பட்ட மூடா நெல்வயல்களுக்கும், பினாங்கின் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் மூலம். காட்டை வெட்டினால் கெடாவுக்கு மரவருவாய் உண்டு. வெட்டாமல் காத்தால் பயன் பெரும்பாலும் கீழே இருப்பவருக்கு. ஆகவே கச்சா நீருக்குப் பினாங்கு பணம் தர வேண்டும் என்று கெடா கேட்கிறது. ஆறு தன் எல்லையையும் தொட்டு ஓடுகிறது, தன் கரையிலிருந்தே நீர் எடுக்கிறோம் என்று பினாங்கு மறுக்கிறது. சட்டத்தின் கண்ணில் பினாங்கின் வாதம் வலுவானதாகத் தோன்றலாம். நியாயத்தின் கண்ணில், மேட்டில் இருப்பவன் காட்டைக் காக்க ஆகும் செலவில் பள்ளத்தில் இருப்பவனுக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். கெடாவின் சிற்றூர்களில் குழாய் அடிக்கடி வறள்வதை எண்ணும்போது அக்கருத்து உறுதிப்படுகிறது.

சிங்கப்பூரும் ஜோகூரும் 1962இல் செய்த ஒப்பந்தம் ஆயிரம் கேலன் நீருக்கு 3 காசு என்று விலை குறித்தது. அது 2061 வரை செல்லும். அவ்விலையைப் பற்றிய பூசல் ஓயவில்லை. ஆனாலும் அங்கே பேசுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. சிங்கப்பூர் அந்தத் தாளை மட்டும் நம்பியிராமல், பயன்படுத்திய நீரைத் தூய்மைசெய்து மீண்டும் பயன்படுத்தும் திட்டத்தை 2003 முதல் நடத்திவருகிறது. மூடா ஆற்று நீருக்கு இரு மாநிலங்களும் ஏற்ற அத்தகைய உடன்பாடு இல்லை. பேராக் ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே நிற்கிறது.

1800இல் லீத் ஒப்புக்கொண்ட ஆண்டுத்தொகை, ஆட்சிகள் பல மாறியும், தொகையே மாறியும், இன்று வரை கெடாவுக்குச் செலுத்தப்பட்டு வருகிறது. நிலத்துக்கான பணம் அது. ஆற்றைப் பற்றி அந்த உடன்படிக்கை எல்லை என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்று தீவின் கிணறுகளில் நீர் இருந்தது.